ஜாமூன் தூக்கிய கால்

ஜாமூனுக்குக் கை கொடுக்கத் தெரியும் என்பது ரூபினி ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

ஜாமூன் ஒரு குதிரை. மூன்று வயதுப் பெண்குதிரை. பாகில் ஊறிய ஜாமூனைப் போலக் கரும்பழுப்பாகப் பளபளவென்று இருந்ததால் அந்தப் பெயர். ஆனேக்கலுக்கும் அத்திபெலேவுக்கும் நடுவில், யூகலிப்டஸ் தோப்பை ஒட்டி ஒரு குதிரையேற்றப் பள்ளி இருந்தது. அங்கே இருந்த பன்னிரண்டு குதிரைகளில் ஜாமூன்தான் கடைக்குட்டி. மற்ற பதினொன்றும் பெரியவை. முதுகில் யார் ஏறினாலும், பஸ்ஸில் இன்னொரு ஆள் ஏறிவிட்டார் என்பதுபோலக் கண்டுகொள்ளாமல் நடக்கும். ஜாமூனின் முதுகில் இன்னும் யாரும் ஏறியதில்லை.

இளங்குதிரைகளைப் பழக்குவது ரூபினியின் அம்மா யூனிஸின் வேலை. அவர் சாட்டையைக் கையில் எடுப்பதே இல்லை. ஆரம்பத்தில் எல்லாமே விளையாட்டுத்தான். பெரிய ரப்பர் பந்தைக் குதிரை மூக்கால் தள்ள வேண்டும். நீலத் தார்ப்பாயை விரித்துப் போட்டால், பயப்படாமல் அதன்மேல் நடக்க வேண்டும். பழைய டயர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வர வேண்டும். அதற்கப்புறம் மணல் வட்டத்தில் நீளக் கயிறு கட்டி, நட, ஓடு, நில், திரும்பு என்று ஒவ்வொன்றாக வரும்.

"முதுகுல ஏறுறது கடைசிப் பாடம்," என்பார் அம்மா. "அதுக்கு முன்னாடி, நம்ம பக்கத்துல நிக்கவே அதுக்குப் பிடிக்கணும்."

கோடை விடுமுறை என்பதால் பதினொரு வயது ரூபினியும் தினமும் அம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்துவிடுவாள். அவளுக்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. ஒன்று, லாயத்தின் கதவுக்கு உள்ளே தனியாகப் போகக் கூடாது. இரண்டு, எந்தக் குதிரைக்கும் கையால் எதையும் ஊட்டக் கூடாது.

முதல் கட்டளையை ரூபினி மீறவே இல்லை. இரண்டாவதை ஒரு கேரட் துண்டு அளவுக்கு மட்டும் மீறினாள்.

அது தற்செயலாகத்தான் தொடங்கியது. ஒருநாள் அம்மா டீ குடிக்கப் போயிருந்தபோது, ஈயை விரட்டுவதற்காக ஜாமூன் வலது முன்னங்காலைத் தூக்கியது. சரியாக அந்த நேரத்தில் ரூபினி கதவுக்கு வெளியே நின்று ஒரு கேரட் துண்டை நீட்டினாள். மறுநாள் ரூபினியைப் பார்த்ததுமே ஜாமூன் அதே காலைத் தூக்கியது. அன்று ஈ எதுவும் இல்லை. ரூபினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு துண்டு கொடுத்தாள்.

ஒன்பதாவது நாள், அவள் கையை நீட்டினாலே போதும். இடுப்பளவு மரக்கதவுக்கு அந்தப் பக்கம் ஜாமூன் முழங்காலை மடக்கி, குளம்பை முன்னால் நீட்டி, கல்யாண வீட்டு வாசலில் கை கொடுத்து வரவேற்கும் பெரிய மனிதரைப் போல நின்றது.

விடுமுறையின் கடைசி நாளில் அம்மாவுக்கு இதைக் காட்டி அசத்த வேண்டும் என்று ரூபினி நினைத்திருந்தாள். அதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

குதிரைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வது மஞ்சுநாத்தின் வேலை. அன்று காலை அவர் பிரஷ்ஷோடு ஜாமூனின் லாயத்துக்குள் போனார். அவருடைய சட்டைப்பையில் வறுத்த கடலைக்காய்ப் பொட்டலம் ஒன்று இருந்தது. குனிந்தபோது அது சரசரத்தது. ஜாமூன் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"ஏனு பேக்கு நினகெ? என்ன வேணும் உனக்கு?" என்று மஞ்சுநாத் பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலுமாகக் கொஞ்சினார். எல்லாக் குதிரைகளிடமும் அவர் அப்படித்தான் பேசுவார்.

ஜாமூன் பதில் சொன்னது. வலது முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. மஞ்சுநாத்தின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே குளம்பு வேகமாகப் பட்டது.

மஞ்சுநாத் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டார். பொட்டலம் அவிழ்ந்து கடலைக்காய் சிதறியது. ஜாமூன் குனிந்து, நிதானமாக ஒவ்வொரு கடலைக்காயாகப் பொறுக்கித் தின்றது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். குதிரை உதைத்துவிட்டது என்றார்கள். அது உதைக்கவில்லை என்பது, கதவுக்கு வெளியே நின்றிருந்த ரூபினிக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

நல்லவேளையாக எலும்பு உடையவில்லை. ஆனாலும் அடிபட்ட இடம் பலாக்கொட்டை போல வீங்கிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, ஒரு வாரத்துக்குக் காலை மடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பள்ளியை நடத்துகிற ஹரிஷ்குமார் வந்து பார்த்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் எதற்கும் முதலில் கவலைப்பட்டு முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் யோசிப்பார்.

"யூனிஸ், இது எப்போலேர்ந்து உதைக்குது?" என்று கேட்டார்.

"இது யாரையும் உதைச்சதே இல்ல சார்," என்றார் அம்மா. "எனக்கே புரியல. நான் எங்கேயோ ஏதோ தப்பு பண்ணியிருக்கேன்."

ரூபினியால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையில் ஒரு எறும்பு வைக்கோல் துணுக்கை இழுத்துக்கொண்டு போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. ஹரிஷ்குமார் மறுபடியும் வந்து ஜாமூனின் கதவருகே நின்று, கையை நீட்டி நீட்டி அம்மாவிடம் ஏதோ பேசினார். நீட்டிய கையை ஜாமூன் பார்த்தது. உடனே காலைத் தூக்கியது. குளம்பு மரக்கதவில் டொம்மென்று இடித்தது. ஹரிஷ்குமார் மூன்றடி பின்னால் போய்விட்டார்.

"போதும்," என்றார். "சம்மர் கேம்ப்ல எல்லாம் ஆறு வயசு, ஏழு வயசுப் பசங்க. அவங்க மேல இந்தக் கால் பட்டா என்ன ஆகும்? ஓசூர் பக்கத்துல ஒரு பண்ணைக்காரர் ரொம்ப நாளா குதிரை கேட்டுக்கிட்டு இருக்கார். திங்கக்கிழமை லாரி வரச் சொல்றேன்."

"அங்க எப்படிப் பழக்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியும் சார்," என்றார் அம்மா மெதுவாக.

ஹரிஷ்குமார் தன் செருப்பைப் பார்த்தார். அந்தப் பண்ணையில் எப்படிப் பழக்குவார்கள் என்பது ரூபினிக்கும் தெரியும். போன வருடம் அங்கிருந்து வந்த ஒரு குதிரையின் வாயோரத்தில் கடிவாளம் இழுத்த தழும்பு இன்னும் மறையவில்லை.

அன்று மத்தியானம், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, ரூபினி ஜாமூனிடம் போனாள். இன்றோடு இதை மறக்கடித்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். கேரட் கொடுத்ததால் வந்த பழக்கம்தானே. கொடுக்காவிட்டால் தானாகப் போய்விடும்.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள். ஜாமூன் காலைத் தூக்கியது. அவள் அசையவில்லை. ஜாமூன் இன்னும் உயரமாகத் தூக்கியது. அப்போதும் அவள் அசையவில்லை. ஜாமூன் குளம்பால் கதவை இடித்தது. ஒருமுறை, இரண்டுமுறை, ஐந்துமுறை. கதவின் தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது. யாராவது வருகிறார்களா என்று ரூபினி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நிறுத்து ஜாமூன், நிறுத்து," என்று கெஞ்சினாள். அது நிறுத்தவில்லை. கடைசியில் பையிலிருந்து ஒரு கேரட் துண்டை எடுத்து அதன் வாயில் திணித்தாள்.

இடிப்பது நின்றது. ஆனால் அந்தத் துண்டை மென்று முடித்ததும் ஜாமூன் காலைத் தூக்கி மெதுவாகத் தட்டிப் பார்க்கவில்லை. நேரே பெரிய இடியாகவே இடித்தது.

ரூபினி அங்கிருந்து ஓடிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. அம்மா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் ஒரு ஆட்டோ, பின்னால் நீண்ட வரிசை.

"அம்மா," என்றாள் ரூபினி, அம்மாவின் முதுகிடம். "ஜாமூனுக்கு நான்தான் கால் தூக்கக் கத்துக்குடுத்தேன்."

"என்ன? ஹெல்மெட் போட்டிருக்கேன், கேக்கல. சத்தமாச் சொல்லு."

"நான்தான் கத்துக்குடுத்தேன்."

"யாருக்கு என்ன கத்துக்குடுத்த?"

ரூபினி மூச்சை இழுத்துவிட்டுக் கத்தினாள். "ஜாமூனுக்குக் கால் தூக்க நான்தான் கத்துக்குடுத்தேன். கேரட் குடுத்துக் குடுத்து."

ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்த்தார். "எனக்கு நல்லாக் கேட்டுச்சும்மா," என்றார் அவர்.

அம்மா ஹெல்மெட்டைக் கழற்றினார். ரயில் தடதடவென்று வந்து, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. ரூபினி ஒவ்வொரு பெட்டியாக எண்ணினாள். பதினேழு வரை எண்ணியதும் கண்ணீர் மறைத்தது.

"மஞ்சுநாத்துக்கு எலும்பு உடைஞ்சிருந்தா?" என்று அம்மா கேட்டார்.

ரூபினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ரொம்பக் கோவம் வருது," என்றார் அம்மா. "ஆனா கேட்டைத் தொறக்கறாங்க. பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க. வீட்டுக்குப் போய்க் கோவப்படறேன்."

சொன்னபடியே வீட்டுக்கு வந்ததும் கோபப்பட்டார். பாத்திரங்கள் எல்லாம் சிங்க்கில் பெரிதாகச் சத்தம் போட்டன. பத்து நிமிடம் கழித்துச் சத்தம் நின்றது.

"லாயத்து வாளியில தினமும் கேரட் குறையறதப் பாத்தேன்," என்று அம்மா சமையலறையிலிருந்தே சொன்னார். "நீதான் திங்கறேன்னு நெனச்சுக்கிட்டேன். கண்ணுக்கு நல்லதுன்னு விட்டுட்டேன்."

அதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று ரூபினிக்குத் தெரியவில்லை.

அப்போது கீழ்வீட்டில் நாணுவின் அழுகை தொடங்கியது. நாணுவுக்கு இரண்டு வயது. தினமும் அதே நேரத்தில் செல்போன் கேட்டு அழுவான். ரூபினி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். முதலில் சிணுங்கல். "கெடயாது போ," என்று அவனுடைய அம்மா ருக்கு அக்காவின் குரல். அப்புறம் அழுகை. "கெடயாதுன்னா கெடயாது." அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வீறிடல். "இந்தா, பிடி, தொலை," என்றார் ருக்கு அக்கா. அதோடு அமைதி.

ரூபினி எழுந்து நின்றாள். நாளைக்கு நாணு சிணுங்குவானா? சிணுங்க மாட்டான். நேரே வீறிடுவான். இன்று மத்தியானம் ஜாமூன் செய்ததும் அதேதான்.

உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னாள். "கத்தினாத்தான் ஃபோன் வரும்னு ருக்கு அக்காவே அவனுக்குக் கத்துக்குடுத்துட்டாங்கம்மா. நானும் இன்னிக்கு அதேதான் பண்ணேன். இடிச்சப்போ கேரட் குடுத்துட்டேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். "சரி. அப்ப எப்போ குடுக்கணும்?"

"இடிக்காம இருக்கறப்போ," என்றாள் ரூபினி. "சும்மா நிக்கறப்போ. நாலு காலும் கீழ இருக்கறப்போ."

"இடிக்கறப்போ?"

"என்ன ஆனாலும் குடுக்கக் கூடாது."

"சொல்றது சுலபம்," என்றார் அம்மா. "நாளைக்குப் பாப்போம். ஆனா அதுக்கு முன்னாடி உனக்கு இன்னொரு வேலை இருக்கு."

அது என்ன வேலை என்று ரூபினிக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை காலையில் மஞ்சுநாத் லாயத்தின் வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலைக் கவிழ்த்த வாளியின்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று வந்துவிட்டாராம். ரூபினி அவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைத்தான் பார்த்தாள்.

"ஹௌதா?" என்றார் மஞ்சுநாத். "அப்படியா? அப்ப அது என்னை உதைக்கல. கை குடுத்திருக்கு. நான்தான் வாங்கிக்கல."

"சாரி, மஞ்சு அண்ணா."

"வலிச்சது பாப்பா. நிஜமாவே வலிச்சது," என்றார் அவர். "ஆனா ரெண்டு நாளா எனக்கு மனசுல இன்னொரு வலி. மூணு வருஷமா நான் தீனி போட்ட குதிரை என்னை ஏன் உதைச்சதுன்னு. அது இப்போ போயிடுச்சு."

ஹரிஷ்குமாரிடம் சொன்னது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவர் அம்மாவையும் ரூபினியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் கத்துக்குடுத்தாலும் கால் கால்தானே," என்றார். "பட்டா வலிக்கும். அது மறந்துடும்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க?"

"மறக்காது சார்," என்றாள் ரூபினி. "அதுக்கு பதிலா வேற ஒண்ணு கத்துக்கும். சும்மா நிக்கறது."

"எத்தனை நாள்ல?"

ரூபினிக்கு அது தெரியாது. தெரியாது என்றே சொன்னாள்.

ஹரிஷ்குமார் பெருமூச்சு விட்டார். "ஞாயித்துக்கிழமை காலைல நானே அது முன்னாடி வந்து நிப்பேன். அஞ்சு நிமிஷம். அது என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு முடிவு பண்றேன். லாரியை இப்போதைக்கு வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

மூன்று நாள்கூட முழுதாக இல்லை.

அம்மா ஒரு பச்சை பிளாஸ்டிக் தொட்டியைக் கதவின் உள்பக்கம் கீழே வைத்தார். இனிமேல் கையால் ஊட்டல் கிடையாது. எதுவானாலும் தொட்டியில்தான் விழும். ரூபினி கதவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள். அம்மா அவளுக்குப் பின்னால் நின்றார்.

"ஆரம்பத்துல இது மோசமாத்தான் போகும்," என்றார் அம்மா. "தெரியும்ல?"

"நேத்தே பாத்துட்டேன்," என்றாள் ரூபினி.

ஜாமூன் அவளைப் பார்த்ததும் நேரே கதவை இடித்தது. டொம்.

"ஒந்து," என்று மஞ்சுநாத் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கன்னடத்தில் எண்ணத் தொடங்கினார். "எரடு. மூரு."

பத்து ஆனது. இருபது ஆனது. மற்ற குதிரைகள் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தன. ஹரிஷ்குமாரின் அறை ஜன்னல் திறந்தது. மரக்கதவிலிருந்து ஒரு சிராய் பெயர்ந்து விழுந்தது. ரூபினியின் உள்ளங்கையில் இருந்த கேரட் துண்டு வியர்வையில் வழுக்கியது. இப்போது கொடுத்துவிட்டால் இந்தச் சத்தம் உடனே நின்றுவிடும். அவளுக்கு அழுகை வந்தது. ஜாமூன் மேல் கோபம் வரவில்லை. அது பாவம், 'நீ சொன்னதைத்தானே செய்கிறேன், ஏன் தரமாட்டேன் என்கிறாய்' என்று கேட்பதுபோல இருந்தது.

"குடுத்துடு பாப்பா," என்றார் மஞ்சுநாத், எண்ணுவதற்கு நடுவே. "கதவு போயிடும்போல இருக்கு. மூவத்தாறு."

ரூபினி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நாற்பத்தொன்று. அதற்கப்புறம் சத்தம் வரவில்லை. ஜாமூன் களைத்துப்போய் காலைக் கீழே வைத்து, பெரிதாக மூச்சு விட்டது. நான்கு குளம்புகளும் தரையில் இருந்தன.

ரூபினி தாவிப் போய்க் கேரட்டைத் தொட்டியில் போட்டாள்.

ஜாமூன் ஆச்சரியத்தோடு தொட்டியைப் பார்த்தது. தின்றது. நிமிர்ந்தது. மறுபடியும் இடித்தது. ஆனால் இந்தமுறை மஞ்சுநாத் இருபத்தெட்டு வரைதான் எண்ண வேண்டியிருந்தது. அடுத்தமுறை ஒன்பது. மத்தியானத்துக்குள் ஜாமூன் காலை லேசாகத் தூக்கி, யோசித்து, கீழே வைத்தது. ரூபினி மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுக் கேரட் போட்டாள். அன்று முடிவதற்குள் ஏழு வரை எண்ண முடிந்தது.

வெள்ளிக்கிழமை அவள் முப்பது வரை எண்ணினாள். அன்று அம்மா மணல் வட்டத்திலும் அதையே செய்தார். நடக்கச் சொன்னார், ஓடச் சொன்னார், நிற்கச் சொன்னார். நான்கு காலும் சதுரமாக நின்றால்தான் தொட்டி பக்கத்தில் வரும். ஜாமூனுக்கு அது பிடித்துப்போனதுபோல இருந்தது. நின்றுவிட்டு, 'நின்றுவிட்டேன், பார்த்தீர்களா' என்பதுபோலத் திரும்பித் தொட்டியைப் பார்த்தது.

சனிக்கிழமை மத்தியானம் மழை வந்தது. மே மாதத்து மழை. காற்றும் இடியுமாகத் தகரக் கூரையைப் பிய்த்துவிடும்போல அடித்தது. எல்லாக் குதிரைகளும் மிரண்டன. ஜாமூன் காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு, ரூபினியைப் பார்த்ததும் கதவை இடிக்கத் தொடங்கியது. பத்து, இருபது, முப்பது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

ரூபினி ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சும்மா. எல்லாம் போச்சு."

"பயந்தா நீ என்ன பண்ணுவ?" என்று அம்மா கேட்டார்.

ரூபினி யோசித்தாள். "நகம் கடிப்பேன்."

"விட்டுட்டேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்ப?"

ரூபினி விரலை வாயிலிருந்து எடுத்தாள். குளம்பு இடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அப்புறம் எழுந்து, கேரட்டை எல்லாம் தூரமாக வைத்துவிட்டு வந்து, கதவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள். எதையும் கேட்கவில்லை, எதையும் எண்ணவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாட்டை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு பாதி தப்பாகத்தான் வந்தது. ஜாமூனுக்கு அது தெரியாது. மழை விட்டபோது அது இடிப்பதை நிறுத்தி, கதவின்மேல் தலையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூபினி இட்லியைத் தொடாமலே ஸ்கூட்டரில் ஏறினாள்.

அம்மா ஜாமூனைக் கயிற்றோடு மணல் வட்டத்தின் நடுவே நிறுத்தினார். வேலிக்கு வெளியே ரூபினியும், ஊன்றுகோலோடு மஞ்சுநாத்தும் நின்றார்கள். ஹரிஷ்குமார் வட்டத்துக்குள் காலடி வைத்தார்.

"சார்," என்றாள் ரூபினி. சொல்ல வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. சொன்னாள். "பாக்கெட்ல கடலைக்காய் வச்சுக்கங்க. அன்னிக்கு மஞ்சு அண்ணாகிட்ட இருந்துச்சு. பொட்டலம் இல்லாம நின்னா, ஜாமூன் சரியா கத்துக்கிச்சான்னு தெரியாது."

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். மஞ்சுநாத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் பொட்டலம் அவரிடம்தான் இருந்தது, எடுத்துக் கொடுத்தார். ஹரிஷ்குமார் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜாமூனுக்கு எதிரே, நான்கடி தள்ளி நின்றார்.

முதல் நிமிடம் ஜாமூன் அசையவில்லை. இரண்டாவது நிமிடம் வாலை மட்டும் ஆட்டியது. மூன்றாவது நிமிடம் ஹரிஷ்குமாரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. அவரும் பயந்துகொண்டுதான் நிற்கிறார் என்று ரூபினிக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான்காவது நிமிடம் அவருடைய செல்போன் அடித்தது.

அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். பொட்டலம் சரசரத்தது. ஜாமூன் காதுகளை நிமிர்த்தியது. வலது முன்னங்கால் தரையைவிட்டு மேலே வந்தது.

ரூபினி வேலிக் கம்பியை இறுகப் பிடித்தாள். அம்மா கயிற்றை இழுக்கவில்லை. தளர்வாகவே பிடித்திருந்தார். கால் காற்றில் நின்றது. செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஹரிஷ்குமார் மூச்சுவிடாமல் அந்தக் குளம்பையே பார்த்தார்.

ஜாமூன் காலைக் கீழே வைத்தது. கொஞ்சம் முன்னால் வைத்துவிட்டதுபோல அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுபடி எடுத்துச் சரியான இடத்தில் வைத்தது. நான்கு காலும் சதுரமாக நின்றன.

"தூக்கிச்சே," என்றார் ஹரிஷ்குமார், மெல்லிய குரலில்.

"தூக்கிச்சு சார்," என்றாள் ரூபினி. "ஆனா அதுவே கீழ வச்சுடுச்சு. யாரும் சொல்லல."

ஹரிஷ்குமார் இன்னும் அடித்துக்கொண்டிருந்த செல்போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"சொல்லுப்பா. ஆமா, நாளைக்குத்தான் சொல்லியிருந்தேன்." அவர் ஜாமூனைப் பார்த்தார். "லாரி வேண்டாம்ப்பா. இல்ல, அடுத்த வாரமும் வேண்டாம். தேவைப்பட்டா நானே கூப்பிடறேன்."

மஞ்சுநாத் ஊன்றுகோலை மறந்து கைதட்டப் போய், வேலியைப் பிடித்துத் தப்பித்தார்.

"ஒரு மாசம் பாக்கறேன்," என்றார் ஹரிஷ்குமார், குரலைக் கண்டிப்பாக ஆக்கிக்கொண்டு. "அதுவரைக்கும் கேம்ப்புப் பசங்க யாரும் இதுகிட்ட வரக் கூடாது. கேரட் வாளி என் ரூம்லதான் இருக்கும்." அப்புறம் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் நீயும் இதைக் கொண்டு வராதே, மஞ்சு," என்றார்.

அம்மா தொட்டியைத் தரையில் வைத்தார். ரூபினி கையில் இருந்த எல்லாத் துண்டுகளையும் அதில் கொட்டினாள்.

ராத்திரி பெய்த மழையில் திங்கட்கிழமை காலை மணல் கெட்டியாகி, நடக்க நன்றாக இருந்தது. அம்மா ஜாமூனை வட்டத்தில் நான்கு சுற்று நடத்தினார். அப்புறம் நிறுத்தி, வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்த ரூபினியைக் கூப்பிட்டார்.

"உள்ள வா. இந்தக் கயித்தைப் பிடி."

"நானா?"

"சுத்திக்கக் கூடாது கையில. மடிச்சுப் பிடி. இழுக்காத. நான் உன் பின்னாடியே இருக்கேன். நீ நடக்கச் சொன்னா அது நடக்குதான்னு பாப்போம்."

ரூபினி வட்டத்தின் நடுவில் நின்று, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நட," என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னதில் அவளுக்கே கேட்கவில்லை.

ஜாமூனுக்குக் கேட்டது. கழுத்தைத் தாழ்த்தி, ஈர மணலில் குளம்பை அழுத்தி வைத்து, அவளைச் சுற்றி நடக்கத் தொடங்கியது. சுற்றி முடிக்கும்வரை அதன் ஒரு காது ரூபினியின் பக்கமே திரும்பியிருந்தது.